மலைநாட்டில் சுகர் மீட்டர் வாங்குபவர்களுக்கு: குளிர், இரத்தச் சோகை, ஸ்ட்ரிப் விலை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் பாமசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கைந்து சுகர் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 5 வினாடியில் விடை, சின்னத் துளி போதும், கோட் எண் பதியத் தேவையில்லை. வாங்குபவர் பார்க்க வேண்டிய எண்கள் அங்கே இல்லை. ஸ்ட்ரிப் டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் தாளில், பொடி எழுத்தில் கிடக்கின்றன. எத்தனை பாகை வெப்பத்தில் மீட்டர் வேலை செய்யும், எந்த ஹீமடோக்ரிட் (இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு) எல்லைக்குள் அதை நம்பலாம் என்ற இரண்டும்தான் அவை. கொழும்பில் இவற்றைப் பார்க்காமல் வாங்கினாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். மலையில் அது சரிவராது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டை எடுத்துக்கொள்வோம்: வன்டச் செலக்ட் பிளஸ், கொன்டூர் பிளஸ். இரண்டும் தரமான மீட்டர்கள். ஆனால் ஸ்ட்ரிப்புக்குள் இருக்கும் இரசாயனம் வேறு.

வன்டச் செலக்ட் பிளஸ் ஸ்ட்ரிப்பில் இருப்பது குளுக்கோஸ் ஒக்சிடேஸ் என்ற நொதியம். அது இரத்தத்திலுள்ள குளுக்கோஸிடமிருந்து இலத்திரன்களைப் பறித்து, ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் இடைத்தரகுப் பொருளிடம் கொடுக்கும். அங்கிருந்து அவை மின்வாய்க்குப் போகும். ஓடும் மின்னோட்டம் எவ்வளவோ அதற்கேற்ற எண் திரையில் விழும். இந்த நொதியத்தை வைத்துச் சீனியை அளக்கும் யோசனையைக் கிளார்க், லயன்ஸ் என்ற இருவர் 1962-இல் வெளியிட்டார்கள். பேனா அளவு மீட்டர் கடைக்கு வர 1987 ஆனது. இதில் உள்ள சிக்கல் ஒட்சிசன். அதுவும் இலத்திரன்களுக்குப் போட்டி போடும். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் போட்டி குறையும், மின்னோட்டம் கூடும், எண் சற்று உயர்ந்து காட்டும். கொன்டூர் பிளஸில் இருப்பது எப்.ஏ.டி வகைக் குளுக்கோஸ் டீஹைட்ரஜினேஸ் என்ற வேறொரு நொதியம். அதற்கும் ஒட்சிசனுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

'நுவரெலியா உயரத்தில் மீட்டர் பிழையாகக் காட்டும்' என்ற பேச்சு இந்த ஒட்சிசன் விஷயத்திலிருந்து வந்திருக்கலாம். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு. வன்டச் செலக்ட் பிளஸ் 3,048 மீட்டர் வரைக்கும், கொன்டூர் பிளஸ் 6,301 மீட்டர் வரைக்கும் சரிபார்க்கப்பட்டவை. பிதுருதலாகல உச்சியே 2,524 மீட்டர்தான். ஆகவே உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி.

வன்டச் செலக்ட் பிளஸ் இயங்குவதற்குக் குறைந்தது 10 பாகை செல்சியஸ் வேண்டும். கொன்டூர் பிளஸுக்கு 5 பாகை. தை, மாசியில் நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் காலைகளில் தகரக்கூரை லயக் காம்பிராவுக்குள் 10 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். சாப்பாட்டுக்கு முன் பரிசோதனை செய்யச் சொல்லும் நேரமும் அதே விடியற்காலைதான். அந்நேரம் மீட்டர் எண் தராமல் வெப்பநிலைப் பிழைக் குறியைக் காட்டும். அதைப் பார்த்து 'மிஷின் பழுது' என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். கடைக்குள் போட்டுப் பார்த்தால் வேலை செய்யும்! குறியோடு ஸ்ட்ரிப்பும் ஒன்று வீண்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் இரவில் ஜன்னலோரத்தில் வைக்காமல் துணி அலுமாரிக்குள் வையுங்கள். குளிர்ந்துவிட்டால் அறைக்குள் அரை மணிநேரம் விட்டு வையுங்கள். அடுப்பில் காட்டிச் சூடாக்க வேண்டாம். ஸ்ட்ரிப்புக்கு மேல் எல்லை 30 பாகை, அடுப்படிப் பரண் அதைத் தாண்டும். குளிர்சாதனப் பெட்டியும் கூடாது, வெளியே எடுத்ததும் டப்பாவுக்குள் நீர் பூத்துவிடும். மழை மாதங்களில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் காற்றே ஈரம்தான். டப்பா மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடிவிட வேண்டும். நாலைந்து ஸ்ட்ரிப்பைக் காகிதத்தில் சுற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது காசைக் கானில் போடுவதற்குச் சமம்.

அடுத்தது ஹீமடோக்ரிட். இதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. இரத்தத்தில் செங்குழியங்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே ஹீமடோக்ரிட். செங்குழியங்கள் குறைந்தால் குளுக்கோஸ் மின்வாயைச் சுலபமாக எட்டிவிடும், மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். வன்டச் செலக்ட் பிளஸின் எல்லை 30 முதல் 55 சதவீதம். கொன்டூர் பிளஸுக்கு 0 முதல் 70 சதவீதம், ஏனென்றால் செங்குழிய அளவுக்கு ஏற்ப அது கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

உங்கள் ஹீமடோக்ரிட்டை மதிப்பிட ஒரு சுலப வழி உண்டு. கிளினிக் கொப்பியிலோ கர்ப்பிணி அட்டையிலோ எழுதியிருக்கும் ஹீமோகுளோபின் எண்ணை மூன்றால் பெருக்குங்கள். 12 என்றால் 36, பரவாயில்லை. 9 என்றால் 27, அது 30-க்குக் கீழே. தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச் சோகை புதிய செய்தியல்ல, ஆகவே இந்தக் கணக்கு பலருக்கும் பொருந்தும். ஆபத்து எங்கே என்றால், உண்மையில் 65-க்கு (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) இறங்கியிருக்கும் சீனியை மீட்டர் 80 என்று காட்டலாம். கை நடுங்கி வியர்க்கும் ஆளிடம், 'எண் நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லி மலைக்கு அனுப்பிவிடுவார்கள். கிளினிக்கில் இந்தக் கூடிய எண்களைக் காட்டினால் மாத்திரையும் கூடும். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் போனாலும் முழுதாகத் தப்ப முடியாது, இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை அந்த எண்ணையும் பொய்யாக உயர்த்தக்கூடியது. ஆகவே ஹீமோகுளோபின் 10-ஐ ஒட்டியோ கீழேயோ இருப்பவர்களுக்கும், கர்ப்பகாலச் சீனி உள்ள தாய்மாருக்கும் விலை சற்றுக் கூடினாலும் அகன்ற எல்லை உள்ள மீட்டரே சரி. இந்த ஒரு விஷயத்தில் கொன்டூர் பிளஸ் தெளிவாக முந்துகிறது.

வன்டச்சுக்கும் சொல்ல நல்லது உண்டு. திரையில் எண்ணோடு நிறமும் காட்டும்: நீலம் குறைவு, பச்சை சரி, சிவப்பு அதிகம். எழுத்து வாசிக்காத வயதான அப்பாயி தனியே இருக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் துளி பெரிதாக வேண்டும், 1 மைக்ரோலீற்றர். கொன்டூருக்கு 0.6 போதும், அதோடு முதல் துளி பற்றாவிட்டால் அரை நிமிடத்துக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளி வைக்க விடும். கொழுந்து பறித்துத் தடித்துப்போன விரல்களுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு மாதத்துக்குச் சில ஸ்ட்ரிப்பையாவது மிச்சப்படுத்தும்.

ஸ்ட்ரிப் என்றதும் வியாபாரத்துக்கு வந்தாக வேண்டும். "அக்கா, ரெண்டு பெட்டி ஸ்ட்ரிப் எடுத்தீங்கன்னா மிஷின் சும்மா தாரோம்" என்று கடைக்காரர் சொன்னால் அது தாராள மனசு அல்ல. மீட்டரில் லாபம் பார்ப்பதே இந்தத் தொழிலில் இல்லை, அதற்கு மட்டுமே பொருந்தும் ஸ்ட்ரிப்பில்தான் எடுக்கிறார்கள். எனவே மீட்டர் விலையைக் கேட்காமல், 50 ஸ்ட்ரிப் பெட்டியின் விலையை 50-ஆல் வகுத்து ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பாருங்கள். தினம் இரண்டு தடவை என்றால் பெட்டி 25 நாளில் முடியும். அதே ஸ்ட்ரிப் டவுனில் இன்னும் இரண்டு பாமசியிலாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2022-இல் இறக்குமதி தடைப்பட்டு மருந்துகளே கிடைக்காமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயரையும் முழுதாக வாசித்து வாங்குங்கள்: வன்டச் செலக்ட் ஸ்ட்ரிப் வேறு, செலக்ட் பிளஸ் ஸ்ட்ரிப் வேறு. கொன்டூர் டிஎஸ் ஸ்ட்ரிப்பும் கொன்டூர் பிளஸுக்கு உதவாது. டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். திறந்த பிறகு சில வகைகளுக்கு 3 மாதம், சிலவற்றுக்கு 6 மாதம், சிலவற்றுக்கு அச்சிட்ட காலாவதித் தேதி வரை ஆயுள். வாரத்துக்கு இரண்டே தடவை பார்ப்பவர் 50 ஸ்ட்ரிப் பெட்டி வாங்கினால் அது முடிய அரை வருடம் ஆகும், அவருக்கு 25 ஸ்ட்ரிப் பெட்டிதான் லாபம்.

எல்லோரும் வாங்க வேண்டுமா? இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 நோயாளிகளை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. தினம் விரல் குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் வருட முடிவில் எச்பிஏ1சியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வட அயர்லாந்தில் புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்த 2008 ஆய்வில் சீனிக் கட்டுப்பாடு கூடவில்லை, வீட்டில் அளந்தவர்களின் மனச்சோர்வுப் புள்ளிதான் சற்றுக் கூடியது. எண்ணைப் பார்த்து ஒன்றும் செய்ய முடியாதபோது அந்த எண் ஆளை வாட்டத்தானே செய்யும். மெட்போமின் மாத்திரை மட்டும் குடிப்பவர் தினம் குத்த அவசியமில்லை. இன்சுலின் போடுபவர், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனியை இறக்கிவிடக்கூடிய மாத்திரை குடிப்பவர், கர்ப்பிணித் தாய் ஆகியோருக்கு மீட்டர் தேவை.

மற்றவர்கள் வாங்கினால் ஜோடியாக அளந்தால்தான் பயன். ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்து, அதற்கு முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணிநேரம் கழித்து ஒரு தடவை. கோதுமை ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் எவ்வளவு ஏற்றுகின்றன, ரொட்டியில் ஒன்றைக் குறைத்தால் எவ்வளவு குறைகிறது என்பது இதில் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பிறகு 180-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. வீட்டில் இருக்கும் ஞாயிறு மட்டும் அளப்பது போதாது. மலையேறிக் கொழுந்து பறிக்கும் நாளில் சீனி வேறு மாதிரி இறங்கும். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

குத்தும் முறையில் கெடுவது பெரும்பாலும் கை கழுவாததால். பழம் உரித்த விரலில் எண் எப்படி வருகிறது என்று ஜப்பானில் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ஸ்பிரிட் பஞ்சால் ஐந்து தடவை துடைத்தும் எண் பொய்யாக உயர்ந்தே நின்றது, தண்ணீரில் கழுவியதும் சரியானது. வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். குளிரில் விறைத்த கைக்கு அந்தச் சூடே இரத்தத்தையும் கொண்டுவரும். கையைக் கீழே தொங்கவிட்டு, நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நுனியில் வேண்டாம். துளி வராவிட்டால் ஊசியின் ஆழத்தை ஒரு படி கூட்டுங்கள். நுனியைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும்.

ஒரே விரலில் இரண்டு தடவை பார்த்து 168, 181 என்று வந்தால் பதற வேண்டாம். சுகர் மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற 2013 சர்வதேசத் தரத்தின்படி, 100-க்கு மேல் உள்ள எண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஆய்வுகூடத்தில் 180 என்றால் வீட்டில் 153-உம் சரி, 207-உம் சரி. ஒப்பிட விரும்பினால் மீட்டரை ஆய்வுகூடத்துக்கே கொண்டுபோங்கள். வெறும் வயிற்றில் நரம்பில் இரத்தம் எடுத்த 15 நிமிடத்துக்குள் விரலிலும் பாருங்கள். சாப்பிட்ட பின் ஒப்பிட்டால் பொருந்தாது, அப்போது விரல் இரத்தத்தில் சீனி இயல்பாகவே கூடுதலாக இருக்கும். தோட்டத்தில் இரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்பும் ஏற்பாடு என்றால் அந்த அறிக்கையையும் சந்தேகப்படலாம். சாதாரணக் குழாயில் நின்ற இரத்தத்தின் குளுக்கோஸை உயிரணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை தின்றுவிடும். புளோரைட் போட்ட சாம்பல் மூடிக் குழாயா என்று கேளுங்கள், அதுவும் முதல் ஒன்றிரண்டு மணிநேர இழப்பை முழுதாகத் தடுக்காது.

குத்தாமலே சீனி அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் என்று போனில் விளம்பரம் வருகிறதே, அவற்றை வாங்க வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாக அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது.

மீட்டரை முடிந்தவரை ஒருவரே பாவிப்பது நல்லது, குத்தும் பேனாவையோ எக்காரணத்துக்கும் பகிரக் கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனையில் ஒட்டிய இரத்தத்தால் ஹெபடைடிஸ் பி தொற்றலாம். பக்கத்துக் காம்பிராக்காரர் 'ஒருக்கா பார்த்துட்டுத் தாரேன்' என்று கேட்டால் தனியாகப் பாவித்து எறியும் ஊசி ஒன்றைக் கொடுங்கள். முடிந்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, அடுத்த கிளினிக் நாளில் அங்கே கேட்டு ஒப்படையுங்கள். லயத்துக் கானில் போட்டால் மழைக்கு அடித்துக்கொண்டு போய் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் பாதத்தில்தான் ஏறும்.