ஒரே பொடியை மூன்று பெயரில் அனுப்பிப் பார்த்தேன்

திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரியில் போட்ட எட்டு நிலக்கடலை ரகங்களின் இலைகளை, கார்பன் ஐசோடோப்பு அளக்க ஒரு தனியார் ஆய்வகத்துக்கு இரண்டு தவணையாக அனுப்பினேன். மொத்தம் 96 மாதிரிகள். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். மாதிரிக்கு ஆயிரத்துச் சொச்சம், வரி தனி.

எதற்கு இந்தச் செலவு என்று என் அப்பாவே கேட்டார். காற்றிலுள்ள கரியமில வாயுவில் நூற்றுக்கு ஒன்று சுமார் கனமான கார்பன்-13. செடி அதை ஒதுக்கிவிட்டு லேசானதைத்தான் பொறுக்கும். தண்ணீர் பற்றாமல் இலைத்துளை மூடிக்கொண்டால் உள்ளே வாயு குறைந்துவிடும்; அப்புறம் பொறுக்க ஏது வழி, கிடைத்ததைத் தின்ன வேண்டியதுதான். அதனால் இலையில் கார்பன்-13 சற்றுக் கூடுகிறது. நிலக்கடலையில் இந்த அளவும் நீர்ச் சிக்கனமும் சேர்ந்தே போகின்றன என்று 1986-லேயே ஆஸ்திரேலியாவில் காட்டிவிட்டார்கள். ஒரு நாள் எடுக்கும் ஒளிச்சேர்க்கை அளவு அந்த நேரத்து வெயிலைத்தான் சொல்லும். இலைப்பொடி அந்த இலை வளர்ந்த காலம் முழுவதையும் சொல்லும்.

சரி, சேவைக்கு வருகிறேன். மூன்று வாரம் என்றார்கள்; முதல் தவணை முடிவு ஏழாவது வாரம்தான் வந்தது. கேட்டால், "ஹீலியம் சிலிண்டர் வரலை மேடம்." அது நியாயமான காரணம்தான், ஆனால் நான் கூப்பிட்ட பிறகுதானே சொன்னார்கள்!

அளவில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே பொடியை மூன்று வெவ்வேறு எண்ணில் நுழைத்திருந்தேன். வந்தது மைனஸ் 27.94, 28.02, 27.98 பெர் மில் (ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்ற கணக்கு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க கார்பன்-13 கூடுதல்). ரகங்களுக்கிடையே நான் தேடிய வித்தியாசமே ஒன்று, ஒன்றரைதான். இந்த நெருக்கம் இல்லாவிட்டால் மொத்தப் பணமும் வீண்.

இன்னொன்று. இரண்டாம் தவணையில் அளவு எடுக்கும் பெண்ணே கூப்பிட்டார். "31-ல சோளம் ஏதும் கலந்துச்சா மேடம்? மைனஸ் 25.1 காட்டுது. திரும்ப ஓட்டியும் அதேதான்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள் அதே அரவைக் குடுவையில் தோழி மக்காச்சோளம் அரைத்திருந்தாள். சோளம் மைனஸ் 12 சொச்சம், கடலை 28. கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு சோளம்! குடுவையின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. பேசாமல் எண்ணை அனுப்பியிருந்தால் அந்த ரகத்தை வறட்சிக்கு வீரன் என்று எழுதியிருப்பேன்.

அறிக்கை மட்டும் மோசம். எக்செல் தாளில் எண்கள் மட்டும். கூடவே ஓட்டிய, அளவு முன்பே தெரிந்த தரப்பொருள்களுக்கு என்ன வந்தது என்பதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நைட்ரஜனும் சேர்த்தே தந்தார்கள். வேர்முடிச்சு வைக்கும் பயிரில் என் கேள்விக்கு அது உதவவில்லை.

அனுப்புகிறவர்களுக்கு: பொடி போட்ட வெள்ளீய உறைகளை நன்றாக உருட்டி, அவற்றை வைக்கும் குழித்தட்டின் மூடிக்கடியில் ஒரு அட்டையை வைத்து இறுக்குங்கள். முதல் தவணையில் நான் வைக்கவில்லை. கூரியரில் கவிழ்ந்து இரண்டு உறை பக்கத்துக் குழிக்குத் தாவிவிட்டன. அந்த நான்கு எண்களும் போச்சு, பில்லில் மட்டும் இருந்தன.

மூன்றாம் தவணை இப்போது ஓவனில் 60 டிகிரியில் காய்கிறது. அதே ஆய்வகத்துக்குத்தான் போகும். குடுவையை நானே இரண்டு முறை கழுவிவிட்டேன்.