சுப்பர் மாரியோ: பழைய கேசட்டில் தீராத இரகசியங்கள்

1985இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் என்ற வீடியோ கேமை சின்ன வயதிலிருந்தே விளையாடி வருகிறேன். முதலில் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், டவுனில் வாங்கிய மலிவான டிவி கேம் மெஷினில். இப்போது நின்டெண்டோ சுவிட்சில். நடுவில் எத்தனையோ கேம் வந்து போய்விட்டன. இது மட்டும் இன்னும் என்னை உட்கார வைக்கிறது. காரணம் இதற்குள் ஒளித்து வைத்திருக்கும் சங்கதிகள்தான். சந்தேகப்பட்டுத் தட்டிப் பார்க்கிறவனுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று யோசித்து வைத்தவை அவை.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோர் கையிலும் இருந்தது நின்டெண்டோவின் அசல் மெஷின் இல்லை, அதைப் பார்த்துச் செய்த நகல். மஞ்சள் கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் நாலைந்து கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மாரியோ மட்டும் எந்தக் கேசட்டிலும் தப்பாது. மலைநாட்டு ஈரத்தில் கேசட்டின் செப்புப் பற்கள் கறுத்துப்போகும். எல்லோரும் வாயால் ஊதுவார்கள். ஊதினால் எச்சில் ஈரம் சேர்ந்து இன்னும் கெடும். பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள், அது போதும்.

இன்னொரு விஷயம் வேகம். அசல் கேம் நொடிக்கு 60 படம் ஓடும்படி செய்தது. நம்முடைய டிவிகளுக்கு வந்த நகல் மெஷின்களில் அது 50 ஆகக் குறைந்துவிடும். அதிலேயே விளையாடிப் பழகிய கைக்கு சுவிட்சில் மாரியோ துள்ளி ஓடுவது போலத் தெரியும். தாவும் நேரத்தைக் கை புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

சரி, இரகசியங்களுக்கு வருவோம். அப்போது எங்களுக்கு இணையம் கிடையாது, கேம் புத்தகமும் வராது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவரும் செய்திதான். "ரெண்டாவது கட்டத்தில கூரை மேல ஓடலாம்டா" என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாளே லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) முழுக்கப் பரவிவிடும்.

அந்தக் கூரைதான் இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த விளையாட்டில் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். 1-2 என்றால் முதல் உலகத்தின் இரண்டாவது கட்டம், அது நிலக்கீழ்க் கட்டம். கடைசியில் மேலே போகும் தட்டில் ஏறி, அது உயர உயர நின்றால் செங்கல் கூரையின் மேல் காலை வைக்கலாம். அதன்பிறகு புள்ளிக் கணக்கும் நேரமும் எழுதியிருக்கும் இடத்திலேயே மாரியோ ஓடுவான். வெளியே போகும் குழாயையும் தாண்டி ஓடினால் மூன்று குழாய்கள் உள்ள அறை வரும். 2, 3, 4ஆம் உலகங்களுக்கு நேர் வழி. இதற்கு எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால் கூரை கண் முன்னால் இருக்கிறது, தட்டும் அதை நோக்கித்தான் போகிறது. 'ஏறிப் பார்த்தால் என்ன?' என்ற கேள்வியை விளையாட்டே நம் மனதில் போட்டுவிடுகிறது. நல்ல இரகசியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

4-2இல் இருக்கும் வழி அப்படி இல்லை. கண்ணுக்கே தெரியாத பெட்டிகளை முதலில் தலையால் முட்டி வெளியே எடுத்து, அவற்றில் ஏறி, மேலே உள்ள செங்கல்லை முட்டினால் ஒரு கொடி முளைக்கும். அதில் ஏறிப் போனால் 6, 7, 8ஆம் உலகங்கள். பரிசு பெரியது, ஆனால் யாராவது சொல்லித் தராமல் தானாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதே கட்டத்தில் 1-2 மாதிரிக் கூரைமேல் ஓடினால் 5ஆம் உலகக் குழாய் ஒன்றுதான் கிடைக்கும். பழைய பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறவனுக்குக் குறைந்த மார்க் என்று வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

முதல் கட்டத்திலேயே, நாலாவது குழாயைத் தாண்டியதும் முதல் பள்ளத்துக்கு முன்னால், ஒரு உயிர் தரும் மறைவுப் பெட்டி இருக்கிறது. 1-1இல் எப்போதும் இருக்கும். மற்ற உலகங்களின் முதல் கட்டத்தில் இதுபோல உள்ள பெட்டி, முந்தின உலகத்தின் மூன்றாவது கட்டத்தில் போதிய காசு எடுத்திருந்தால்தான் வரும். குறுக்கு வழிக் குழாயில் வந்தாலும் வரும். இது தெரியாதவர்கள், நேற்று இருந்த பெட்டி இன்று இல்லையே என்று கேசட்டைக் குறை சொல்வார்கள்.

கட்டத்தின் முடிவில் உள்ள கொடிக்கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் அத்தனை வாணவெடி வெடிக்கும், ஒவ்வொன்றுக்கும் 500 புள்ளி. 3-1இன் கடைசிப் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமையின் ஓட்டை ஒரு படியில் மாட்டிவிட்டு மேலே குதித்துக்கொண்டே இருந்தால் உயிர் ஏறிக்கொண்டே போகும். பேராசைப்பட வேண்டாம். எண்ணிக்கை 127ஐத் தாண்டினால் கணக்குப் புரண்டுவிடும். அதற்குப் பிறகு ஒரு தடவை செத்தாலே ஆட்டம் முடிந்தது.

ஒவ்வொரு உலகத்தின் கடைசிக் கட்டமான கோட்டையில் வரும் பெரிய எதிரி பவுசரைப் பற்றி ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. பாலத்தின் அந்தப் பக்கம் ஓடிக் கோடரியைத் தொட்டால் அவன் கீழே விழுந்துவிடுவான், அத்துடன் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். நெருப்புப் பூ எடுத்துக்கொண்டு போய் ஐந்து நெருப்புருண்டை அடித்துப் பாருங்கள். முதல் ஏழு கோட்டைகளிலும் வேஷம் கலைந்து உள்ளே இருந்த வேறொரு சின்ன எதிரி விழும். எட்டாவதில் இருப்பவன்தான் அசல். இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அந்தச் சிக்கனத்தால்தான் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டும் வேறு. இதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இல்லாமையை வைத்தே இவ்வளவு நிறைவாகச் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

பிரபலமான 'கழித்தல் ஒன்று' உலகம் மட்டும் வேறு வகை. 1-2 முடிவில் வெளியேறும் குழாய்மேல் நின்று, குனிந்தபடி பின்பக்கமாகத் தாவிச் சுவருக்குள் புகுந்து, அறையின் பெயர் திரையில் வருமுன் இடப்பக்கக் குழாயில் இறங்கினால், முடிவே இல்லாத நீர்க் கட்டம் ஒன்றுக்குப் போகலாம். அது யாரும் வைத்தது இல்லை. கணினி 36ஆம் உலகம் என்று படித்துவிடுகிறது, அந்த எண்ணுக்குரிய எழுத்துப்படம் வெற்றிடம், ஆகவே 36-1 என்று வர வேண்டியது திரையில் '-1' என்று தெரிகிறது. ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். கடைசிக் குழாய் திரும்ப ஆரம்பத்துக்கே கொண்டுவந்து விடும். மற்றப்படி அங்கே ஒன்றுமில்லை.

இப்போது அக்கா மகன் சுவிட்சில் விளையாடுகிறான். அதில் ஆட்டத்தைப் பின்னுக்கு ஓட்டும் வசதி இருக்கிறது. விழுந்தவுடன் பின்னுக்கு ஓட்டிவிடுகிறான். "மாமா, இதுல பயமே இல்லையே" என்றான். அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது, எல்லா உயிரும் போன பிறகு ஏ பட்டனை அமுக்கிக்கொண்டே ஸ்டார்ட்டைத் தட்டினால் செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம் என்பதை. சேமிக்கும் வசதி இல்லாத கேசட்டில் கரண்ட் இருக்கும்வரை நமக்கிருந்த ஒரே ஆதரவு அது. பின்னுக்கு ஓட்டாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு 8-4 வரை போனால்தான் இந்த விளையாட்டின் முழு ருசியும் தெரியும். 8-4 ஒரு குழாய்ப் புதிர். தப்பான குழாயில் இறங்கினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். சரியான குழாய்களில் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது, எட்டுவதற்கு மறைவுப் பெட்டி ஒன்று வேண்டும். முடித்துவிட்டால் இரண்டாம் சுற்று, நெருப்புக்கும் சாகாத வண்டுகளோடு. அவன் இன்னும் 7-4இல் மேல்வழி, கீழ்வழி என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.