நிழலும் கணக்கில் வர வேண்டும்: பொன்னேரிப் பக்கத்து ஞாயிறு நடைகள், மூன்று ஆண்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் என்பது 46 வயது வரை வேலைக்குப் போகிறவர்களின் வண்டியாக மட்டுமே இருந்தது. அதே வண்டியில் ஞாயிறு விடியலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, வயல்வெளியில் நடப்பதற்கென்றே ஒரு குழு இருப்பதை 2022ஆம் ஆண்டின் இறுதியில்தான் அறிந்தேன். அன்று முதல் இதுவரை அவர்களோடு 38 நடைகள் சென்றிருக்கிறேன். சேரலாமா என்று கேட்கும் வடசென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடப்பார்கள். ஒரு நடைக்கு 150 ரூபாய். முன்னால் வழி தெரிந்த ஒருவர் செல்வார், யாரும் பின்தங்கிவிடாதபடி கடைசியில் ஒருவர் வருவார், இருவரிடமும் விசில் இருக்கும். ஒவ்வொரு நடையும் எளிது, நடுத்தரம், கடினம் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்றாக வாட்ஸப்பில் முன்கூட்டியே அறிவிக்கப்படும்.

எளிய நடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பொன்னேரிக் கடைத்தெருவைக் கடந்து, ஆரணி ஆற்றங்கரையைத் தொட்டு, வரப்புகளின் மேலாக ஆண்டார்குப்பம் முருகன் கோயில் வரை செல்வது. மழை ஓய்ந்த மார்கழியில் வரப்பு வழுக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிர்ந்த களிமண் விரலிடுக்கில் பிதுங்க நடக்க வேண்டியிருக்கும். முதல் முறை நான் பயத்தில் வரப்பின் ஓரமாகவே கால் வைத்தபோது, நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து, "ஓரத்துல மிதிக்காதம்மா, நடுவுல கால வை. கரை ஒடைஞ்சா தண்ணியெல்லாம் அடுத்த வயலுக்குப் போயிடும்" என்றார். பார்த்தால், வரப்பின் விளிம்பெங்கும் நண்டு வளைகள். ஏற்கெனவே பொத்தலான கரை என் எடையில் சரிந்துகொண்டிருந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எளிது என்ற சொல்லை நம்பி நான் அவதிப்பட்ட கதையையும் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரலில் பழவேற்காடு ஏரிக்கரை நடை, தரை மட்டமானது, தூரம் 8 கிலோமீட்டர்தான் என்பதற்காக எளிது என்று அறிவிக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்து முடிக்கும்போதே மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒதுங்க நிழலே இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனை, மற்றபடி சீமைக்கருவேலம். ஏரிக்காற்றின் ஈரத்தில் வியர்வை வழிந்ததே தவிர உலரவில்லை. வியர்வை உலராவிட்டால் உடம்பின் சூடு தணியாது. நான் கொண்டுபோன 1 லிட்டர் தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, பிறகு குமட்டல், பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் வந்த தம்பி என்னை வலை உலர்த்தும் கொட்டகைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், "அக்கா, பேசாதீங்க, மொதல்ல படுங்க" என்று சொல்லி, கால்களைப் பையின் மேல் உயர்த்தி வைத்து, துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் தெளிந்தேன். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் அறிவிப்பு தவறானது.

மலைநாட்டில் ஏற்றத்தையும் தூரத்தையும் வைத்து ஒரு நடையின் கடினத்தைச் சொல்லிவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் சமவெளியில் அந்த அளவுகோல் செல்லாது. இங்கே நடையைக் கடினமாக்குவது மாதமும், நிழலும், வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்களுக்கு இடையிலான தொலைவும்தான். பூநாரைகள் வந்து நிற்கும் தை மாதத்தில் அதே ஏரிக்கரை, குழந்தைகளும் மகிழ்ந்து நடக்கும் பாதை. இதைப் பொறுப்பாளர்களுக்கு விரிவாக எழுதினேன். அவர்கள் வருத்தப்படாமல் ஏற்றுக்கொண்டு, இரண்டு மாதங்களில் அறிவிப்பின் வடிவத்தையே மாற்றினார்கள். இப்போது தூரத்தோடு, நிழலில்லாத பகுதி எவ்வளவு நேரம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதும் எழுதப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஏரிக்கரை நடையே இல்லை. நான் இந்தக் குழுவில் நீடிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கடினம் என்ற பிரிவில் பூண்டிக்கு அப்பால் உள்ள குடியம் குகைக்கு ஒருமுறை சென்றேன். உயரம் பெரிதில்லை; ஆனால் பாதை முழுவதும் உருண்டைக் கூழாங்கற்கள், ஒவ்வோர் அடியிலும் கால் சற்றே பின்னுக்கு உருளும், முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போதுதான் துன்பப்படுவார்கள். குகையின் கூரையில் மலைத்தேனீக் கூடுகள் தொங்குவதால் வாசனைத் திரவியம் பூசாமல், குரல் எழுப்பாமல் நிற்க வேண்டும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இதே கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில்தான் இருக்கிறது. பூண்டி அருங்காட்சியகத்தில் கைக்கோடரிகளைப் பார்த்துவிட்டு அந்தக் கற்பாதையில் நடந்தபோது, காலடியில் உருண்ட ஒவ்வொரு கல்லையும் குனிந்து பார்க்கத் தோன்றியது. இது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதியில்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களின் உயிர்கள் பறிபோனதை மறந்துவிட்டு, அனுமதி எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று என்பதால், எங்கள் குழுவும் இப்போது அந்த வழியாகவே பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு செல்கிறது.

எண்ணூர் கழிமுக நடை முன்பு இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் பரவிய பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்கு மிக அருகில் இருந்த நடை அது.

காலணியைப் பொறுத்தவரை, ரப்பர் செருப்போடு வராதீர்கள். சீமைக்கருவேல முள் அதன் அடிப்பாகத்தைத் துளைத்துக் குதிகாலில் ஏறும். நானே ஊசியால் எடுத்திருக்கிறேன். தடித்த அடிப்பாகமுள்ள சாதாரண ஷூ போதும்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதிப் பேர் பெண்களாக இருக்கும் குழுவில், கழிப்பறை எங்கே உள்ளது என்பது அறிவிப்பில் இன்றுவரை இடம்பெறவில்லை. ரயிலை விட்டு இறங்கினால் அடுத்த நான்கைந்து மணி நேரத்துக்கு வழியில்லை என்பதால், பெண்கள் பலர் தண்ணீரையே குறைத்துக் குடிக்கிறார்கள். வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் அனுபவித்தவள். இதை இரண்டு முறை எழுத்தில் கொடுத்துவிட்டேன், பதில் வரவில்லை. அதுவரை மாதவிடாய் நாள்களில் பழவேற்காட்டைத் தவிர்த்துவிட்டு, கோயிலருகே தெரிந்தவர் வீடு இருக்கும் ஆண்டார்குப்பம் நடைக்கு மட்டும் பெயர் கொடுக்கிறேன்.