அபூர்வக் கத்தி என்று ஒட்டுக்கத்தி விற்கிறார்கள்

பழைய மடக்குக்கத்தி சேர்ப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். "குதிரைப்படை அதிகாரி கத்தி, ஷெஃபீல்டு, விக்டோரியா ராணி காலம், ரேர் பீஸ்" என்ற விளக்கத்தோடு ஒருவர் வாட்ஸ்அப் குழுக்களில் கத்தி விற்கிறார். நான் 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கையில் கிடைத்தது மூன்று கத்திகளின் மிச்சத்தைச் சேர்த்து ஆணி அடித்த ஒரு பொருள். படத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

கத்தியைச் செய்த நிறுவனம் என்று அவர் சொன்ன பெயர் ஜோசப் ராட்ஜர்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளில் இந்தப் பெயருக்குத் தனி மதிப்பு. நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், 1822இல், அரண்மனைக்குக் கத்தி செய்யும் உரிமை பெற்றவர்கள். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு 75 பிளேடுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து வைத்தார்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அவர்கள் முத்திரை. அந்தப் பெயர் இருந்தால் விலை ஏறும். போலிக்காரர்கள் மொய்ப்பதும் அதனால்தான்.

பணம் அனுப்பும் முன்பே டேங்கை, அதாவது பிளேடு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை, கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பளிச்சென்று ஒரு படம் வந்தது: நட்சத்திரம், சிலுவை, நடுவில் கிரீடம், அதன் இருபுறமும் வி, ஆர் எழுத்துகள். விக்டோரியா 1901இல் இறந்தார், ஆகவே கத்தி அதற்கு முந்தையது என்று கணக்கு. பார்சலைப் பிரித்துப் பார்த்தால் கிரீடத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜி. கீழே 'இங்கிலாந்து' என்று வேறு பொறித்திருக்கிறது.

போன் போட்டேன். மனிதர் அசரவே இல்லை. "சார், ஜி-ன்னா ஜார்ஜ். நாலாம் ஜார்ஜ் விக்டோரியாவுக்கும் முன்னாடி சார். நீங்க கேட்டதைவிடப் பழசு கிடைச்சிருக்கு, சந்தோஷப்படுங்க" என்றார். ஜார்ஜ் என்ற பெயரில் 1910இல் பட்டமேறிய ஐந்தாம் ஜார்ஜும் உண்டு என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான்காம் ஜார்ஜ் இல்லை என்பதை அந்த 'இங்கிலாந்து' சொல்லிவிடுகிறது. இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் கட்டாயமாக்கியது. அதன் பிறகுதான் ஷெஃபீல்டுக் கத்திகளில் நாட்டின் பெயர் வழக்கமாக இடம்பிடித்தது.

சின்ன பிளேடைத் திறந்தால் இன்னும் வேடிக்கை. 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருக்கிறது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் உருக்கியது 1913இல். நான்காம் ஜார்ஜ் இறந்தது 1830இல். இதைச் சொன்னதும் வந்த பதில்: "அதான் சார் ரேர்னு சொன்னேன். ஸ்பெஷல் ஆர்டர்."

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான். எது பொருந்தவில்லையோ அதற்கு 'அபூர்வம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். நிஜமாகவே வழக்கத்துக்கு மாறான அம்சங்கள் பழைய கத்திகளில் உண்டு, அதனால்தான் நமக்கும் சபலம் தட்டுகிறது. பிளேடைத் திறக்க நகம் வைக்கும் நீண்ட பள்ளத்தில் பொடிப்பொடியாகப் பற்கள் இருந்தால் யாரோ அரத்தால் ராவியது என்று நினைக்க வேண்டாம். தீக்குச்சி உரசத் தொழிற்சாலையிலேயே போட்டது. முதுகுப் பக்கம் மடங்கியிருக்கும் கனமான கொக்கி குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க. கேள்விப்படாத கடைப் பெயர் டேங்கில் இருந்தாலும் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. ஷெஃபீல்டுக்காரர்கள் வியாபாரிகளின் பெயரையே பொறித்துக் கொடுத்ததும் உண்டு. இவையெல்லாம் யாரோ ஒருவருடைய தேவைக்காகச் செய்யப்பட்டவை. என்னிடம் வந்த கத்தியின் விசித்திரங்களுக்கு அப்படி எந்தக் காரணமும் கிடையாது.

பிரித்துக் கட்டிய கத்தியைக் காட்டிக்கொடுப்பது முதலில் ஆணிகள். தொழிற்சாலையில் அடித்த ஆணியின் தலையைப் பிடியோடு மட்டமாக ராவியிருப்பார்கள். கத்தியோடு சேர்ந்து அதுவும் மங்கியிருக்கும். இதில் ஒரு பக்கம் புதுப் பித்தளையாக மின்னுகிறது, சுற்றிலும் சுத்தியல் தடம். அடுத்தது முதுகு ஸ்பிரிங். நல்ல கத்தியில் பிளேடைத் திறந்தாலும் மூடினாலும் ஸ்பிரிங் பிடியின் விளிம்போடு சமமாக நிற்கும். இதில் பெரிய பிளேடைத் திறந்தால் ஸ்பிரிங் மேலே துருத்துகிறது. மூடினால் உள்ளே அமுங்குகிறது. அந்த பிளேடு இந்த ஸ்பிரிங்குக்காகச் செய்ததல்ல. மூடும்போது ஒரு பக்கத் தகட்டை உரசிக்கொண்டே போகிறது, கோடு விழுந்திருக்கிறது. பிடியின் முனையில் இடுக்கிக்கும் பல்குச்சிக்கும் துளை இருக்கிறது. உள்ளே எம்-சீல் மாதிரி எதையோ அடைத்து வைத்திருக்கிறார்கள்.

பிடி கடமான் கொம்பு என்றார். இந்தியாவிலிருந்து ஷெஃபீல்டுக்குக் கடமான் கொம்பு போனது உண்மை. ஆனால் கொம்பின் மேல்பட்டை ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. என் கத்தியின் இரண்டு பக்கமும் வரி பிசகாமல் ஒரே மாதிரி, அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. நிஜமான கொம்பாக இருந்தால் வனவிலங்குச் சட்டம் என்ற வேறு வம்பு வந்து சேரும். தந்தப் பிடி என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பிடி எதனாலானது என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்தச் சொல்லி யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பழைய கத்திகளில் செல்லுலாய்டு பிடி சகஜம், அது குபீரென்று தீப்பிடிக்கும் சரக்கு. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் போதும், பல சமயம் கற்பூர வாசனை வரும். அதைச் செய்யவே கற்பூரம் சேர்த்தார்கள். எலும்பாக இருந்தால் பூதக்கண்ணாடியில் பொடிப்பொடியான கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். பிளாஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது.

பணம் திரும்பவில்லை. "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்" என்றவர், அடுத்து என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். உரையாடல், அவர் அனுப்பிய படங்கள், பார்சல் பிரித்த வீடியோ எல்லாம் சேர்த்தாகிவிட்டது. இன்னும் பதில் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம், அதே ஆள் வேறொரு குழுவில் இன்னொரு 'குதிரைப்படை' கத்தி போட்டிருக்கிறார், அதே டேங் படத்தோடு. கிரீடத்துக்கு வலப்புறம், ஆர் எழுத்தின் காலை ஒட்டிப் பிறை வடிவத்தில் ஒரு துருக்கறை இருக்கும். படத்தின் மூலையில் நீலக் கோடு போட்ட மேஜைவிரிப்பு தெரியும். இந்தப் படம் உங்களுக்கு வந்தால், அன்றைய செய்தித்தாளின் மேல் கத்தியை வைத்து, எல்லா பிளேடுகளையும் பாதி திறந்த நிலையில், முதுகும் ஆணிகளும் தெரிய ஒரு வீடியோ கேளுங்கள். நம் குழுவில் ஒருவர் நேற்று கேட்டிருக்கிறார். அவரையும் பிளாக் செய்துவிட்டாராம்.