மூன்று பட்ஜெட் டேப்லெட்கள்: படிக்க எது, படம் பார்க்க எது?

குறைந்த விலையில் டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் ராம் எவ்வளவு, பிராசசர் என்ன என்றுதான் முதலில் கேட்கிறார்கள். படிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது திரையின் பிக்சல் அடர்த்தி, அதாவது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பது. மூன்று டேப்லெட்களை வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

முதலாவது 10.1 அங்குலம், 1280×800. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 149 பிக்சல்தான் வரும். ஆங்கிலத்தை ஒருவழியாகப் படித்துவிடலாம். தமிழில் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலே மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, 'ணை'யின் சுழிகள் அடைபட்டுப் போகின்றன. இரண்டாவதும் அதே அளவுதான், ஆனால் 1920×1200, அதாவது 224 பிக்சல். அதே தமிழ்ப் பக்கத்தை அதே எழுத்தளவில் திறந்தேன். 'க்' மேல் புள்ளி தனியாக, உருண்டையாக நிற்கிறது. எவ்வளவு நேரம் படித்தாலும் கண் சோர்வதில்லை.

மூன்றாவது 8.7 அங்குலம், 1340×800, 179 பிக்சல். எடை குறைவு. படுத்துக்கொண்டு நாவல் படிக்க இதைத்தான் எடுக்கிறேன். இபப் என்ற மின்னூல் கோப்பில் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்வதால் குறை தெரியாது. பிடிஎஃப் என்றால் சிரமம்தான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நிமிர்த்திப் பிடித்தால் இந்தத் திரையின் அகலமோ சுமார் 11 செ.மீ. பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்தே அலுத்துப்போகும். 10.1 அங்குலத்தைப் படுக்கைவசமாகத் திருப்பினால் தாளின் முழு அகலமும் அசல் அளவிலேயே கிடைக்கிறது. இரண்டு மூன்று தள்ளலில் ஒரு பக்கம் முடிந்துவிடும். பாடநூல், ஆய்வுக் கட்டுரை படிப்பவர்கள் யோசிக்காமல் பெரிய திரைக்குப் போகலாம்.

சரி, படம் பார்க்க? இங்கே வைட்வைன் என்று ஒன்று இருக்கிறது; படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் பூட்டு அது. அதில் எல்1 என்ற உயர்ந்த நிலை இருந்தால்தான் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஓடும். எனது முதல் டேப்லெட்டில் இருந்தது எல்3 என்ற கீழ்நிலை. திரை எச்டி, படம் மட்டும் மங்கல். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதுதான் எரிச்சல். யூடியூப் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. உங்களிடம் இருப்பது எது என்று தெரிய, நெட்ஃபிளிக்ஸ் செயலியின் ஆப் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியைப் பாருங்கள்.

அப்புறம் சேமிப்பிடம். மலிவு டேப்லெட்களில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மலிவான, வேகம் குறைந்த சேமிப்பு சிப்தான். நிரம்ப நிரம்ப மந்தமாகும். 32 ஜிபி மாடலை நான் பரிந்துரைக்கமாட்டேன். புத்தகங்களையும் படங்களையும் மெமரி கார்டுக்கு மாற்றி, உள்ளே கால்வாசியாவது காலியாக விட்டபின்தான் என்னுடையது பழையபடி ஓடுகிறது.