ஆஸ்ட்ரோகோத், விசிகோத்: கிழக்கும் மேற்கும்தானா?

கோத்தியர் பழைய ஜெர்மானிய இனத்தவர். அவர்களில் ஆஸ்ட்ரோகோத் என்றால் கிழக்குக் கோத்தியர், விசிகோத் என்றால் மேற்குக் கோத்தியர் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதில் பாதிதான் சரி.

'ஆஸ்ட்ரோ'வில் கிழக்கு இருப்பது உண்மை. சூரியன் உதிக்கும் திசையைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் அது. ஆஸ்திரியாவின் ஜெர்மன் பெயரான ஓஸ்டர்ரைக்கிலும் அதே வேர்தான். அதனால் 'உதயசூரியனின் கோத்தியர்' என்றும் சிலர் பொருள் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஓர் இனம் தனக்குத் தானே பெயர் வைக்கும்போது திசையைவிடப் பெருமையைத்தானே தேடும்?

'விசி'யில் மேற்கு என்ற பொருளே கிடையாது. முதலில் அவர்கள் வெறும் 'வெசி'. 'நல்லவர்கள்' என்ற பொருள் பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்புறம் 6ஆம் நூற்றாண்டில், இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரோகோத் மன்னர் தியோடரிக்கிடம் பணிபுரிந்த காசியோடோரஸ், ஆஸ்ட்ரோகோத்துக்கு ஜோடிப் பெயராக 'விசிகோத்' என்று எழுதினார். மேற்கு என்ற பொருள் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

நிலமும் அதற்கு ஒத்துப்போனது. விசிகோத்துகள் 410இல் ரோமைச் சூறையாடி, பிறகு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), ஸ்பெயின் பக்கம் போனார்கள். ஆஸ்ட்ரோகோத்துகள் இத்தாலியில் ஆண்டார்கள். ராவென்னாவில் 526இல் இறந்த தியோடரிக்கின் கல்லறை இன்றும் நிற்கிறது. அதன் கூரை முழுவதும் ஒரே கல், சுமார் 10 மீட்டர் அகலம்.