கண்டியில் ஒரு நாள் மிஞ்சினால்: ஹந்தானையா, டீன்ஸ்டனா, ரிவர்ஸ்டனா?

கண்டிக்குக் கிட்ட இருக்கிற இந்த மூன்று மலையிடங்களில் எதற்குப் போவது என்ற முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அரை நாள்தான் கையில் இருக்கிறது, காலில் தெம்பு இருக்கிறது என்றால் ஹந்தானை. அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று ஒரு வான் நிறைய ஆட்கள் என்றால் ரிவர்ஸ்டன். சத்தம் போடாமல் காட்டுக்குள் நிற்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் என்றால் டீன்ஸ்டன். மூன்றுக்கும் பல தடவை போயிருக்கிறேன், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும்.

இதை எழுதக் காரணம், கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தால் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா மூன்றும் முதல் நாளே முடிந்துவிடுகிறது, அடுத்த நாள் காலையில் யாராவது ஒருவர் நுவரெலியா என்பார், இன்னொருவர் எல்ல என்பார், கடைசியில் அந்த நாளில் பாதிக்கு மேல் வானுக்குள்ளேயே கழிந்துவிடும். இரண்டும் நல்ல இடங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கண்டி என்ற பெயரே மலை என்று பொருள்படும் ‘கந்த’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. 1815 வரைக்கும் இந்த இராச்சியத்தை வெளியாட்கள் பிடிக்க முடியாமல் வைத்திருந்ததில் இந்த மலைகளுக்கும் காடுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஊருக்கு வந்துவிட்டு, பின்னாலேயே நிற்கிற மலையைப் பார்க்காமல் வேறு மலையைத் தேடிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கிட்ட இருப்பதிலிருந்து தொடங்குவோம். ஹந்தானைக்குப் போக வாகனம்கூடத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரிப் பக்கமாக ஏறும் வீதியில் நாலு கிலோமீற்றர் அளவில் தேயிலை அருங்காட்சியகம் வந்துவிடும். 1925இல் கட்டின பழைய ஸ்டோர் அது. (தோட்டத்து ஆட்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை என்றால் ஸ்டோர்தான்.) அதற்கு மேலே தோட்டம், அதற்கும் மேலே மானாப்புல், பிறகு மலை. பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கமாக ஏறினால் பைன் மரங்களுக்குள்ளால் போக வேண்டும். அந்தக் காய்ந்த ஊசி இலை எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும், ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். உச்சி என்று ஒன்றல்ல, ஏழு. உயரமானது ஊரகல, 1,100 மீற்றருக்கு மேல். வெளிச்சமான காலையில் அங்கே நின்றால் ஒரு பக்கம் கண்டி, இன்னொரு பக்கம் பேராதனையைச் சுற்றி வளையும் மகாவலி, வடகிழக்கே நக்கிள்ஸ் தொடர். மேகம் இல்லாத நாளில் தெற்கே சிவனொளிபாத மலையின் கூம்பும் தெரியும். 2010இல் ஹந்தானையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள், ஆகவே குப்பை போடுவது, நெருப்பு மூட்டுவது எல்லாம் வேண்டாம். காய்ந்த மாதங்களில் ஒரு பொறி போதும், மானா முழு மலைக்கும் பற்றிக்கொள்ளும்.

ஹந்தானையின் ஆபத்து அது கிட்ட இருப்பதுதான். ஊருக்குப் பக்கம்தானே என்று தண்ணீர்ப் போத்தல்கூட இல்லாமல் ஏறுகிறார்கள். நான்கூட ஒரு தடவை மத்தியானத்துக்குப் பிறகு ஏறி, மூட்டம் இறங்கி, தலைக்கு மேல் வளர்ந்த மானாவுக்குள் பாதை தவறி அரை மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்றினேன். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெரியவர்தான் கண்டு கூப்பிட்டார்.

“தம்பி, அங்கால போகாதீங்க, அது வெறும் பள்ளம். தண்ணி ஓடுற சத்தம் கேக்குதா? அத எடது கைப் பக்கமா வச்சிக்கிட்டே எறங்குங்க.”

“சரிங்க ஐயா, லயம் எவ்வளவு தூரம்?”

“லயம் இந்தா கீழ. பயப்படாம போங்க.”

பத்து நிமிடத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஹந்தானை என்றால் காலை ஆறு மணிக்கு ஏறி பதினொரு மணிக்குள் இறங்குவதுதான். இன்னொன்று, குளவி. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது நாம் அடிக்கடி கேட்கிற செய்தி. கூடு தெரிந்தால் கல்லெறிவது, கூச்சல் போடுவது, வாசனைத் தைலம் பூசிக்கொண்டு பக்கத்தில் போவது எதுவும் கூடாது. நீங்கள் கலைத்துவிட்டு ஓடிவிடுவீர்கள், அடுத்த நாள் அந்த மலையில் வேலைக்கு நிற்பவருக்குத்தான் கொட்டும்.

டீன்ஸ்டன் வேறு மாதிரி. இது நக்கிள்ஸ் தொடரின் தென்பக்கம். மஹியங்கனை வீதியில் திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இடது பக்கம் திரும்பி மேலே ஏற வேண்டும். முஷ்டி மடக்கினால் தெரிகிற விரல் மொட்டுகள் மாதிரி இருக்கிறது என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர்தான் நக்கிள்ஸ், சிங்களத்தில் தும்பர. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத வனம் இரண்டோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் எடுத்தது. டீன்ஸ்டனில் வனத் திணைக்களத்திடம் சீட்டு எடுத்துக்கொண்டு ‘சின்ன உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பள்ளத்துக்கு நடக்கலாம், கொஞ்சம் கஷ்டப்படத் தயாரென்றால் தோதலுகல பாதையிலும் போகலாம்.

பெரும்பாலான ஆட்கள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது பள்ளமல்ல, வழியில் இருக்கிற காடு. முன்பு இந்த மரங்களுக்குக் கீழே ஏலக்காய் போட்டிருந்தார்கள். காட்டைக் காப்பாற்ற அது தடை செய்யப்பட்டது, ஆனாலும் செடிகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன, காய் உலர்த்தின பழைய கட்டடங்களும் பாசி பிடித்துக் கிடக்கின்றன. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினால் போதும், கையில் மத்தியானம் வரைக்கும் ஏலக்காய் வாசனை. அந்தச் செடிகளிலும் சின்ன மரத் தண்டுகளிலும்தான் மூக்கில் இலை முளைத்த ஓணானைத் தேட வேண்டும். உலகத்தில் நக்கிள்ஸ் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. நுனி மூக்கிலிருந்து ஒரு சின்னப் பச்சை இலை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஓர் உறுப்பு, உடம்பு காய்ந்த கொப்பு நிறத்தில். ஓடாது, அசையவும் அசையாது. கண் மட்டும் உங்களைப் பார்த்துத் திரும்பும். முதல் தடவை கண்டபோது ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு அது எங்கே என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், கூட வந்தவன் என் தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அட்டை. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தால்கூட சப்பாத்துக்குள் ஏறிவிடும். பார் சவர்க்காரத்தை நனைத்து காலுறை முழுக்க வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்துக்கொண்டு போங்கள், எனக்குத் தெரிந்து அதைவிட மலிவான வைத்தியம் இல்லை. அடுத்தது மூட்டம். பத்து பத்தரைக்கெல்லாம் கீழேயிருந்து வெள்ளை ஏறிவந்தால் சின்ன உலக முடிவில் நீங்கள் பார்ப்பது ஒரு வெள்ளைச் சுவர்தான். பஸ்ஸில் போகிறவர்கள் ஹுன்னஸ்கிரிய வரைக்கும் சுலபமாகப் போய்விடலாம், அங்கிருந்து மேலே பஸ் குறைவு, ஓட்டோ பேச வேண்டும். இன்னும் மேலே கோர்பெட் கணவாய் வரைக்கும் போனால் மீமுரே பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும், அது தனி ஒரு நாளுக்குரிய விஷயம், ஒரே நாளில் இரண்டையும் அடைக்கப் பார்க்காதீர்கள். சின்னப் பிள்ளைகளோடு டீன்ஸ்டன் வேண்டாம், விளிம்பு அப்படி.

இப்போது ரிவர்ஸ்டன். இதுவும் நக்கிள்ஸ்தான், ஆனால் வடபக்கம், மாத்தளை வழியாகப் போக வேண்டும். மூன்றில் இதுதான் தூரம், காலையில் கண்டியில் ஏறினால் போய்ச்சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆனாலும் இந்த வழிக்கு என் மனதில் தனி இடம் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கின நம்முடைய ஆட்கள் காட்டு வழியாக நாட்கணக்கில் நடந்து, வழியில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்து, தம்புள்ளை தாண்டி மலைநாட்டுக்குள் நுழைந்தது மாத்தளை வழியாகத்தான். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நிமிடம் வானை நிறுத்தாமல் என் அம்மா மேலே போகவே விடமாட்டார்.

றத்தோட்டை தாண்டினதும் ஏற்றம். வழியில் பம்பரகிரி எல்ல (எல்ல என்றால் சிங்களத்தில் அருவி) இருக்கிறது, தொங்கு பாலத்தோடு, கால் நனைக்கலாம், அவ்வளவுதான், நேரம் இருந்தால் பாருங்கள். மேலே கணவாய்க்கு வந்தால்தான் ரிவர்ஸ்டன் ஏன் ரிவர்ஸ்டன் என்று புரியும். காற்று. ஜூன், ஜூலையில் உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகும் பாதையில் நேராக நிற்க முடியாது, சாய்ந்துதான் நடக்க வேண்டும். மரங்களெல்லாம் காற்றுக்குப் பயந்து குனிந்த மாதிரி ஆள் உயரத்துக்கு மேல் வளராமல் நிற்கும். அதே மாதங்களில் இன்னொரு அதிசயமும் உண்டு. தென்மேல் பருவ மழை மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடும், றத்தோட்டைப் பக்கம் வைப்பர் போட்டுக்கொண்டு ஏறுவீர்கள், கணவாயைத் தாண்டி இலுக்கும்புர பக்கம் சில வளைவு இறங்கினால் வீதி காய்ந்து வெயில் அடிக்கும். பின்னால் திரும்பிப் பார்த்தால் மலை முகட்டில் மேகம் வழிந்து வந்து அப்படியே கரைந்துபோகும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதற்காகவே நான் ஒரு தடவை வானை நிறுத்தச் சொன்னேன், ‘மழை எங்கே போச்சு?’ என்று சின்னவள் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தக் காய்ந்த பக்கத்தில்தான் பிட்டவல பத்தனை என்ற புல்வெளி. வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் நடை, அதுவும் பெரும்பாலும் மட்டமான நடை, முழங்கால் வலிக்காரர்களும் மெதுவாகப் போகலாம். பாறைக்கு மேல் விரற்கடை அளவு மண்தான், அதனால் மரம் பிடிக்காமல் புல் மட்டும் கட்டையாக விரித்திருக்கிறது, நடக்கும்போது காலுக்குக் கீழே பாறையின் கடினம் தெரியும். முடிவில் மலை சட்டென்று அறுந்து, கீழே தெல்கமு ஓயா என்ற ஆறு. இதையும் சின்ன உலக முடிவு என்றே சொல்கிறார்கள், ஆகவே ஓட்டுநரிடம் பெயரை மட்டும் சொல்லாமல் எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிடுங்கள். அப்புறம் சேர எல்ல. படி இறங்க வேண்டும், இறங்கினால் அருவிக்குப் பின்னால் இருக்கிற பாறைக் குகைக்குள் போய் நிற்கலாம், முன்னால் தண்ணீர்த் திரை, அதற்கு அப்பால் பச்சை மங்கலாக அசையும். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. என் அத்தை அங்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. மேலே மழை பெய்தால் ஆறு சொல்லாமல் ஏறும், இங்கே வெயில் அடிக்கிறதே என்று தெல்கமு ஓயாவில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காதீர்கள்.

ஆக, எது மேல் என்பதை மலையைவிட மாதம்தான் தீர்மானிக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மூன்றுமே நல்லது, அப்போது ஒன்றுதான் முடியும் என்றால் நான் டீன்ஸ்டன் போவேன், மூட்டத்தின் தொல்லை குறைவு. ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடி, அதனால் காலையில் ஹந்தானை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை கண் மூடிக்கொண்டு ரிவர்ஸ்டன், காற்றுக்குத் தடித்த சட்டை மட்டும் வேண்டும். டிசெம்பரில் அதே ரிவர்ஸ்டனின் கிழக்குப் பக்கம் வடகீழ்ப் பருவ மழையில் நனைந்து கிடக்கும், அப்போது போய்விட்டு இடம் சரியில்லை என்று சொல்லாதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த மலைக்கும் வேண்டாம்.

இந்த மூன்றும் ஒத்துவராதவர்களுக்கு: அலகல்லை, இஹலகோட்டே ஸ்டேஷனில் இறங்கி ஏறலாம், நல்ல செங்குத்து, இளம் பொடியன்களுக்கு. ஊரை விட்டே போக முடியாது என்றால் தலதா மாளிகைக்குப் பின்னாலேயே உடவத்தகலை, 1938இல் சரணாலயம் ஆன காடு, ஆள் உடம்பு தடிமனில் முறுக்கின கொடிகள், காலையில் பறவைச் சத்தம்.

லூல்கந்துரவை இந்தப் போட்டியில் சேர்க்க மனம் வரவில்லை. தெல்தோட்டைக்கு அப்பால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கையை இன்றும் காட்டுகிறார்கள். உட்கார்ந்து பாருங்கள், முன்னால் மலைக்குப் பின்னால் மலையாக விரியும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டின, கன்று நட்ட ஆட்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் என்னை உறுத்தும். அங்கே போகிறவர்கள் இருக்கையோடு நிற்காமல் கீழே லயத்துப் பக்கமும் நடந்து, யாராவது பெரியவர்கள் திண்ணையில் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். எனக்கு அங்கே ஒரு பாட்டி பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் தந்தார், தன் பாட்டியும் அந்த மலையில்தான் கொழுந்து எடுத்ததாகச் சொன்னார்.